காடு, சாலை, கீழ்த்தளம்: பொதுத் தகராறுகளில் கூடிப் பேசித் தீர்வு காண முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் ஒரு காட்டுத் துண்டில் வீடுகள் வரப்போகின்றன. கால்வாய் ஓரத்து மரங்கள் வெட்டப்பட இருக்கின்றன. அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் முதியோர் பராமரிப்பு நிலையம் திறக்கத் திட்டம். இப்படி ஒன்றில் "எல்லாரையும் உட்காரவைத்துப் பேசுங்கள்" என்ற பொறுப்பு உங்களிடம் வந்திருந்தால் இந்த வழிகாட்டி உங்களுக்கானது. நீங்கள் வசிப்போர் குழுத் தொண்டூழியராக இருக்கலாம், இயற்கை ஆர்வலர் குழுவில் இருக்கலாம், அரசாங்க அமைப்பில் புதிதாகச் சேர்ந்த அதிகாரியாக இருக்கலாம். வேலை ஒன்றுதான்.

அக்கம்பக்கத்தார் இருவருக்கு இடையிலான சத்தம், குப்பை, செருப்பு அலமாரி போன்ற சண்டைகளுக்கு இது பொருந்தாது. அவற்றுக்குச் சமூக சமரச நிலையம் இருக்கிறது. இங்கே பேசப்படும் தகராறுகளில் தரப்புகள் பல. முடிவெடுக்கும் அமைப்பே ஒரு தரப்பு. உண்மை நிலவரம் என்ன என்பதிலேயே கருத்து வேறுபாடு இருக்கும்.

புதிதாக வருகிறவர்கள் முதலில் சமூக மன்றத்தில் அறை பதிவு செய்கிறார்கள். அது ஐந்தாவது, ஆறாவது வேலை. முதல் கூட்டத்திற்கு முன்பே உழைப்பில் பாதிக்கு மேல் முடிந்திருக்க வேண்டும். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. எது இன்னும் முடிவாகவில்லை என்பதை எழுத்தில் வாங்குங்கள்

முடிவெடுக்கும் அமைப்பிடம் ஒரே ஒரு பக்கம் எழுதித் தரக் கேளுங்கள். அதில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும்: எவை முடிவாகிவிட்டன, ஏன்; எவை இன்னும் திறந்திருக்கின்றன; இறுதி முடிவு எந்தத் தேதியில், எந்தப் பதவியில் இருப்பவரால் எடுக்கப்படும்; கூடிப் பேசும் குழு ஒரு உடன்பாட்டுக்கு வந்தால் அமைப்பு அதை என்ன செய்யும்.

நான்காவதற்கு "பரிசீலிப்போம்" என்ற பதில் போதாது. "ஏற்போம், அல்லது எந்தப் பகுதியை ஏற்க முடியவில்லை என்பதைக் காரணத்துடன் எழுத்தில் தருவோம்" என்பதே நீங்கள் கேட்க வேண்டிய குறைந்தபட்ச உறுதி. எந்த அமைப்பும் முடிவெடுக்கும் அதிகாரத்தை உங்கள் குழுவிடம் ஒப்படைக்காது. காரணம் சொல்லும் கடமையை அது ஏற்றுக்கொள்ளும், சரியான நேரத்தில் கேட்டால்.

'செய்வதா வேண்டாமா', 'எங்கே', 'எப்படி', 'எப்போது' ஆகிய நான்கு கேள்விகளையும் தனித்தனியாகப் பிரித்துக் கேளுங்கள். முதலாவது மூடியிருந்தாலும் மற்றவை திறந்திருக்கலாம். பழைய சீனக் கல்லறைத் தோட்டமான புக்கிட் பிரவுனில் 2011 செப்டம்பரில் சாலைத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, சாலை வரும் என்பது முடிவாகியிருந்தது. பின்னர் மாறியது 'எப்படி' என்பதுதான்: சாலையின் ஒரு பகுதி பாலமாக உயர்த்தப்பட்டது, பாதிக்கப்பட்ட கல்லறைகள் ஆவணப்படுத்தப்பட்டன. பேச வந்தவர்களோ 'செய்வதா வேண்டாமா' என்ற முதல் கேள்வியைப் பேச வந்தவர்கள். எந்தக் கேள்வி மேசையில் இருக்கிறது என்று தெரியாமல் மக்களைக் கூட்டினால், எரிச்சல் முழுவதும் அந்தக் கூட்டத்தின் மீதே விழும்.

நான்கும் மூடியிருந்தால் பணியை ஏற்காதீர்கள். "இது தகவல் கூட்டம்" என்று அமைப்பே அறிவித்து நடத்தட்டும். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. கலந்துபேசுவது போன்ற தோற்றத்தை உருவாக்குவதுதான் தீங்கு, ஏனெனில் அடுத்த முறை உண்மையாகவே கலந்துபேச அழைத்தாலும் யாரும் வரமாட்டார்கள்.

2. ஆள், நேரம், பணம்

நெறியாளர் இருவர், குறிப்பெடுப்பவர் ஒருவர். ஒருவர் பேச்சை நடத்தும்போது மற்றவர் முகங்களைக் கவனிக்க வேண்டும், அதனால்தான் இருவர். நடுத்தர அளவுத் தகராறுக்கு நான்கு முதல் ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். அமைப்பின் முடிவுத் தேதி அதற்கும் முன்பே வந்தால் தேதியைத் தள்ளச் சொல்லுங்கள். முடியாது என்றால் கேள்வியைச் சுருக்குங்கள்.

செலவை அமைப்பே ஏற்பது வழக்கம். அதை முதல் நாளே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். வரைவு அறிக்கை எதுவும் பணம் தருபவரிடம் முதலில் போகாது, எல்லாத் தரப்புக்கும் ஒரே நேரத்தில் போகும் என்று பணி ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். உங்கள் நடுநிலையை அந்த ஒரு வரிதான் காக்கும்.

3. தனித்தனியாகச் சந்தியுங்கள்

பதினைந்து முதல் இருபத்தைந்து பேரை, ஆளுக்கு ஒரு மணி நேரம், அவர்கள் விரும்பும் இடத்தில். கேள்விகள் எளியவை. இதில் உங்களுக்கு என்ன பாதிப்பு? எது நடந்தால் உங்களால் ஏற்க முடியும்? எந்தத் தகவலை நீங்கள் நம்பவில்லை? இதுவரை யார் என்ன வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்? வேறு யாரைப் பார்க்க வேண்டும்?

கடைசிக் கேள்வியை ஒருபோதும் விடாதீர்கள். ஒருவர் சொல்லும் பெயரிலிருந்து அடுத்தவருக்குப் போங்கள். தொடர்ந்து மூன்று பேர் புதிய பெயரோ புதிய கவலையோ சொல்லாதபோது நிறுத்தலாம்.

அதிகம் நடக்கும் தவறு, பொறுப்பாளர்களை மட்டும் சந்திப்பது. குழுத் தலைவர், செயலாளர், வாட்ஸ்அப் குழுவில் அதிகம் எழுதுபவர் ஆகிய மூவரும் பெரும்பாலும் ஒரே மாதிரியான ஆட்கள்: நேரம் உள்ளவர்கள், ஆங்கிலத்தில் எழுத வருபவர்கள். விடுபடுபவர்கள் ஷிப்ட் வேலை செய்பவர்கள், சக்கர நாற்காலியில் தாயைத் தள்ளிக்கொண்டு போகும் பராமரிப்பாளர்கள், காப்பிக்கடை உரிமையாளர், பணிப்பெண்கள், தங்கும்விடுதிகளில் வாழும் வெளிநாட்டு ஊழியர்கள்.

2008இல் சிராங்கூன் கார்டன்ஸில் வெளிநாட்டு ஊழியர் தங்கும்விடுதி பற்றிப் பெரும் எதிர்ப்பு எழுந்தது. எண்ணிக்கையைக் குறைத்து, தனிப் பாதை அமைத்து விடுதி வந்தது. அப்படிப்பட்ட ஒரு விவகாரத்தை இன்று நீங்கள் எடுத்து நடத்தினால், விடுதியில் தங்கப்போகிறவர்களின் சார்பில் பேச யாரைச் சந்தித்தீர்கள் என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். அந்த ஊழியர்களில் பலர் தமிழ் பேசுபவர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஒரு டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் நடக்கும் வேலை இது. இதைத் தவிர்க்க ஒரு சாக்கும் இல்லை.

முதியவர்களிடம் தமிழில் கேளுங்கள், தமிழிலேயே குறித்துக்கொள்ளுங்கள். "மரம் போய்விடுமே" என்று ஒரு பாட்டி சொன்னதை "பசுமை இழப்பு குறித்த கவலை" என்று நீங்கள் மாற்றி எழுதினால், அவர் சொன்னது நிழலா, சாயங்கால நடையா, பறவைச் சத்தமா என்பது காணாமல் போய்விடும். தீர்வு அந்த விவரத்தில்தான் ஒளிந்திருக்கும்.

சந்திப்புகள் முடிந்ததும் நான்கு முதல் ஆறு பக்க அறிக்கை எழுதுங்கள். யார் சொன்னது என்ற குறிப்பு வேண்டாம். என்னென்ன கவலைகள், எங்கே ஒத்துப்போகிறார்கள், எங்கே முரண்படுகிறார்கள், எந்தத் தகவலில் நம்பிக்கை இல்லை என்பவை போதும். சந்தித்த அனைவருக்கும் அனுப்பி, "உங்கள் கவலை சரியாக வந்திருக்கிறதா?" என்று கேளுங்கள். எதிர்த்தரப்பின் கவலையை முதன்முறையாக அமைதியாகப் படிக்கும் வாய்ப்பு பலருக்கு இங்கேதான் கிடைக்கிறது.

4. மேசையில் யார்

பத்து முதல் பதினாறு பேர். அதற்கு மேல் போனால் பேச்சு உரைகளாக மாறும். அமைப்புகளின் பட்டியலிலிருந்து ஆள் எடுக்காதீர்கள், கவலைகளின் பட்டியலிலிருந்து எடுங்கள். ஒரே கவலையுள்ள நான்கு சங்கங்கள் இருந்தால் அவர்களே ஒருவரைத் தேர்ந்து அனுப்பட்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்றாள் வேண்டும். மாற்றாள் எல்லாக் கூட்டத்திலும் பின்வரிசையில் இருந்தால்தான், திடீரென்று முன்னால் வரும்போது பழைய கதையை மறுபடி கேட்க மாட்டார்.

இன்னும் அங்கே வசிக்காதவர்களை மறக்காதீர்கள். வீடுகள் கட்டத் திட்டமிடப்பட்ட டோவர் காடு போன்ற விவகாரத்தில் காட்டைக் காக்க விரும்புகிறவர்கள் எளிதில் கிடைப்பார்கள். அங்கே வீடு கிடைத்தால் பெற்றோருக்கு அருகில் இருக்கலாம் என்று காத்திருக்கும் இளம் தம்பதியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவர்கள் இல்லாத மேசையில் எட்டப்படும் உடன்பாடு, வெளியே போன முதல் நாளே உடையும்.

அரசாங்கத் தரப்பில் வருபவர் "மேலே கேட்டுச் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லக்கூடியவராக இருந்தால் பயன் இல்லை. அதே சமயம் அதிகாரிகளுக்கு உண்மையான கட்டுப்பாடுகள் உண்டு. வெளியிடப்படாத நிலத் திட்டங்களை அவர்கள் பேச முடியாது. ஒவ்வொரு கூட்டத்திற்கும் ஒரு வாரம் முன்பு நிகழ்ச்சி நிரலை அனுப்பி, எந்த வரம்புக்குள் பேசலாம் என்பதை மேலிடத்தில் கேட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

அழைக்கப்பட்டவர்கள் மட்டும் கூடுவது ஒன்று. பொதுமக்கள் யாரும் வரலாம் என்று அறிவித்தால் பொது ஒழுங்குச் சட்ட விதிகளைப் பாருங்கள். சிங்கப்பூரர் அல்லாதவர் பேசினாலோ, இனம், சமயம் தொடர்பான பொருள் வந்தாலோ அனுமதி தேவைப்படலாம். அறிவிப்பு வெளியிடுவதற்கு முன்பே காவல்துறையிடம் கேட்டுவிடுங்கள்.

5. பேச்சு விதிகள்

அரைப் பக்கம் போதும். யார் என்ன சொன்னார் என்பது வெளியே போகாது; என்ன பேசப்பட்டது என்பது போகலாம். ஒலிப்பதிவு வேண்டாம். ஊடகத்திடம் அவரவர் நிலையை மட்டும் பேசலாம், அடுத்தவர் நிலையைச் சொல்லக் கூடாது. குழுவின் வாட்ஸ்அப் தேதி, இடம் அறிவிக்க மட்டும். வாக்குவாதம் அங்கே நடந்தால் திரைப்பிடிப்பு நாளை ஊர் முழுக்கப் போகும். தொலைபேசி எண்களைத் திரட்டும்போது தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி சம்மதம் வாங்குங்கள்.

இந்த விதிகளை நீங்கள் எழுதிக் கொண்டுபோங்கள், அவர்கள் திருத்தட்டும். தாங்கள் திருத்திய விதியை மீற மனம் வராது.

6. உண்மையைச் சேர்ந்து கண்டறியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்து இதே இடத்தில் நிற்கிறார்கள். ஆளுக்கொரு வல்லுநரைக் கொண்டுவந்தால், கூட்டம் வல்லுநர்களின் சண்டையாகும், மற்றவர்கள் பார்வையாளர்களாவார்கள்.

சேர்ந்து கண்டறிவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் வீட்டு வாசலிலேயே சான்று உண்டு. புலாவ் தெக்கோங் பகுதியில் சிங்கப்பூர் செய்த நில மீட்பை எதிர்த்து மலேசியா 2003இல் ஹம்பர்க்கில் உள்ள அனைத்துலகக் கடல் சட்டத் தீர்ப்பாயத்திற்குப் போனது. இரு நாடுகளும் சேர்ந்து சுதந்திர வல்லுநர் குழுவை அமைத்து ஆராய வேண்டும் என்று 2003 அக்டோபர் 8ஆம் தேதி தீர்ப்பாயம் உத்தரவிட்டது. ஒரே ஆய்வு, இரு தரப்பும் ஏற்ற முடிவுகள். 2005 ஏப்ரல் 26ஆம் தேதி உடன்பாடு கையெழுத்தானது, வழக்கும் முடிந்தது. இரண்டு அரசாங்கங்களுக்கு முடிந்தது, ஒரு பேட்டைக்கு முடியாமல் போகாது.

செய்யும் வரிசை இது.

முதலில் கேள்விகளைக் குழுவே எழுத வேண்டும். "சுற்றுச்சூழல் பாதிப்பு எவ்வளவு?" என்பது கேள்வி ஆகாது. "இந்த ஓடையைக் குழாய்க்குள் விட்டால் கனமழையில் எந்தெந்தப் புளோக்கின் முன் நீர் தேங்கும்?" என்பது கேள்வி.

அடுத்து, ஆய்வாளரை எல்லாரும் ஏற்க வேண்டும். மூன்று பெயர்களை வைத்து, எந்தத் தரப்பும் ஒரு பெயரை நீக்கலாம் என்று வையுங்கள்.

மூன்றாவது, ஆய்வு முறையும் காலமும். வலசைப் பறவைகள் இங்கே ஏறத்தாழ செப்டம்பர் முதல் மார்ச் வரை இருக்கும். ஜூன் மாதத்தில் மட்டும் எண்ணினால் அவை இல்லை என்றே அறிக்கை சொல்லும், ஆர்வலர்கள் ஒரே வாக்கியத்தில் அதைச் சாய்த்துவிடுவார்கள். இரவாடி விலங்குகளுக்குப் பகல் நடை உதவாது, தானியங்கிக் கேமரா வேண்டும். இரைச்சலை வாரநாளிலும் வாரஇறுதியிலும் அளக்க வேண்டும்.

நான்காவதை எல்லாரும் விடுகிறார்கள்: முடிவு வருவதற்கு முன்பே, எந்த முடிவு வந்தால் என்ன செய்வோம் என்று எழுதிக்கொள்ளுங்கள். எண் வந்த பிறகு எந்த எண்ணும் தனக்குச் சாதகமாகவே தெரியும்.

ஆய்வே சேதம் செய்யும் என்றால், ஆய்வைப் பற்றியே முதலில் பேசலாம். குறுக்குத் தீவு ரயில் பாதைக்காக மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கை வனப்பகுதியில் மண் ஆய்வுத் துளைகள் போட வேண்டியிருந்தது. இயற்கைக் குழுக்களுடன் பேசிய பிறகு துளைகளின் எண்ணிக்கை 72லிருந்து 16ஆகக் குறைந்தது. பாதை வனத்துக்கு அடியில், ஏறத்தாழ 70 மீட்டர் ஆழத்தில் போகும் என்று 2019 டிசம்பரில் முடிவானது. சுற்றிப் போக வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அது கிடைக்கவில்லை. ஆனால் 'எப்படி' என்ற கேள்வியில் அவர்கள் பேச்சுக்குப் பலன் இருந்தது.

ஆய்வு தொடங்குமுன் குழு முழுவதும் சேர்ந்து ஒருமுறை அந்த இடத்தில் நடக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு, இரண்டு மணி நேரம். பொறியாளரும் பறவை ஆர்வலரும் ஒரே இடத்தைக் காட்டிப் பேசும்போது, வரைபடத்தில் இருந்த பாதிச் சண்டை தானாகத் தணியும்.

7. கூட்டங்களை நடத்தும் முறை

ஒரு கூட்டம் இரண்டரை மணி நேரம், இடையில் காப்பிக்கு இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தைக் குறைக்காதீர்கள். எதிரெதிரே இருந்தவர்கள் தனியாகப் பேசிக்கொள்வது அப்போதுதான். நாற்காலிகள் லாட வடிவில் இருக்கட்டும். மேடை வேண்டாம், நின்று பேசும் ஒலிவாங்கி வேண்டாம். ஒலிவாங்கிக்கு வரிசையில் நிற்பவர் தன் முறை வருவதற்குள் உரை தயாரித்துவிடுவார்.

அமைப்பின் படக்காட்சியுடன் தொடங்காதீர்கள். நாற்பது நிமிடம் விளக்கம் கேட்டவர்கள் நாற்பது நிமிடம் மறுப்புத் தயாரித்திருப்பார்கள். உங்கள் சந்திப்பு அறிக்கையிலிருந்து தொடங்குங்கள்.

"கட்டக் கூடாது" என்று ஒருவர் சொன்னால், "கட்டினால் உங்களுக்கு எது போய்விடும்?" என்று கேளுங்கள். "வேறு இடம் இல்லை" என்று அதிகாரி சொன்னால், "இந்த இடத்தில் மட்டும் என்ன கிடைக்கிறது?" என்று கேளுங்கள். பதில்களைச் சுவரில் ஒட்டிய பெரிய தாளில், சொன்னவரின் சொற்களிலேயே எழுதுங்கள்.

பிறகு தெரிவுகள். தெரிவுகளை அடுக்கும்போது குறை சொல்லக் கூடாது என்ற விதியுடன் ஒரு முழுக் கூட்டத்தை ஒதுக்குங்கள். தேங்கி நின்றால் இந்த வழிகளில் தட்டிப் பாருங்கள்: இடத்தைப் பிரிப்பது, காலத்தைப் பிரிப்பது, அளவைக் குறைப்பது, நேரத்தை வரையறுப்பது, நிபந்தனை வைப்பது. 33 ஹெக்டர் டோவர் காட்டில் இடமும் காலமும் சேர்ந்து பிரிக்கப்பட்டன: கிழக்குப் பாதியில் வீடுகள், மேற்குப் பாதியைப் பற்றி ஏறத்தாழ பத்தாண்டுகளுக்குப் பிறகு பார்ப்பது என்று 2021 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. தைப்பூச ஊர்வலத்தில் நேரடி இசைக்கு நெடுங்காலம் தடை இருந்தது. 2016இல் வழியில் மூன்று இடங்களில் மட்டும் அனுமதிக்கப்பட்டது, அது இடத்தை வரையறுத்த தீர்வு. அக்கம்பக்க இரைச்சலை ஆராய 2022இல் அமைந்த சமூக ஆலோசனைக் குழு அமைதி நேரத்தை இரவு 10 மணி முதல் காலை 8 மணி வரை நீட்டிக்கப் பரிந்துரைத்தது, அது நேரத்தை வரையறுத்தது.

ஒவ்வொரு தெரிவையும் தனித்தனியாகப் பேரம் பேச விடாதீர்கள். தனியாகப் பேசினால் ஒருவர் தோற்றே ஆக வேண்டும். மூன்று நான்கைச் சேர்த்துத் தொகுப்பாக வைத்தால், தனக்கு முக்கியமில்லாததை ஒருவர் கொடுத்து, முக்கியமானதைப் பெற முடியும்.

8. ஒரே வரைவு, ஒரே பேனா

ஆளுக்கொரு ஆவணம் கொண்டுவர விடாதீர்கள். நெறியாளர் ஒரு வரைவு எழுதுகிறார், எல்லாரும் அதையே திருத்துகிறார்கள். ஒவ்வொரு வரைவிலும் எண்ணும் தேதியும் இருக்கட்டும். முடிவாகாத வரிகளுக்குக் கீழே கோடு போடுங்கள்.

வாக்கெடுப்பு வேண்டாம். எட்டுக்கு ஆறு என்று முடிந்தால் ஆறு பேர் வெளியே போய் எதிர்ப்பார்கள். ஐந்து நிலைகளில் கேளுங்கள்: முழு ஆதரவு; சிறு குறையுடன் ஆதரவு; விருப்பமில்லை, தடுக்கமாட்டேன்; இந்த வரி மாறினால் ஏற்பேன்; அடிப்படையிலேயே ஏற்க முடியாது. நான்காம் நிலையில் இருப்பவரிடம்தான் உங்கள் அடுத்த வேலை. "எந்த வரி, எப்படி மாற வேண்டும்?" என்று அவரையே எழுதச் சொல்லுங்கள். ஐந்தாம் நிலையில் ஒருவர் நின்றால் அவர் காரணத்தை அவர் சொற்களிலேயே அறிக்கையில் சேருங்கள். மறைத்த மறுப்பு நாளிதழில் வரும்.

மௌனத்தைச் சம்மதமாக எண்ணாதீர்கள். நம் கூட்டங்களில் மூத்தவர் பேசிய பிறகு இளையவர் வாய் திறப்பதில்லை; பெரிய அதிகாரி இருந்தால் பெரியவர்களும் திறப்பதில்லை. ஐந்து நிலைகளையும் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

9. தங்கள் ஆட்களிடம் எடுத்துப் போக நேரம் கொடுங்கள்

மூன்று வாரம். அதற்குள் ஒவ்வொருவரும் தங்கள் தரப்பினரிடம் வரைவைக் காட்டிக் கருத்துக் கேட்டு வர வேண்டும். தமிழ், மாண்டரின், மலாய் மொழிபெயர்ப்புகள் இந்தக் கட்டத்திலேயே தயாராக வேண்டும். உடன்பாடு கையெழுத்தான பிறகு மொழிபெயர்ப்பது அறிவிப்பு, கலந்தாலோசனை அன்று. இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டாதீர்கள். தமிழ் படிக்கும் முதியவர் இருவரைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், அவர்கள் தடுக்கி நிற்கும் இடத்தைத் திருத்துங்கள்.

10. உடன்பாட்டுக்குப் பிறகு

ஒவ்வொரு வாக்குறுதிக்கும் ஐந்து கட்டங்கள் கொண்ட அட்டவணை: யார், எதை, எந்தத் தேதிக்குள், எப்படி அளப்பது, எல்லை மீறினால் உடனே என்ன. கடைசிக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். "இரைச்சல் கட்டுப்படுத்தப்படும்" என்று எழுதினால் யாரையும் கேட்க முடியாது. "குறித்த அளவைத் தாண்டினால் அன்றே வேலை நிற்கும், தடுப்புச் சுவர் வந்த பிறகே தொடரும்" என்று எழுதினால் கேட்கலாம்.

மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களில் அதே குழு கூட வேண்டும். தேதிகளை உடன்பாட்டிலேயே போட்டுவிடுங்கள். அதிகாரிகள் சில ஆண்டுகளில் வேறு பிரிவுக்கு மாறுவார்கள், புதியவருக்கு வாய்ப்பேச்சாகக் கொடுத்த வாக்கு எதுவும் தெரியாது. ஒப்பந்தக்காரருக்கும் தெரியாது, மரத்தை வெட்டுபவர் அவர்தான். ஆகவே காக்க வேண்டிய மரங்களின் பட்டியலும் வேலி எல்லையும் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் ஏறிவிட்டனவா என்று நீங்களே கேட்டுச் சரிபாருங்கள். வேலை தொடங்கும் முந்தைய நாள் தளப் பொறியாளருடன் குழுவினர் இருவர் நடந்து, ஒவ்வொரு மரத்திலும் நாடா கட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.